குழந்தையைப் பார்ப்பது ஒரு வேலை, வீட்டாரைப் பார்ப்பது இன்னொரு வேலை: என்.ஐ.சி.யு.வுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு

என்.ஐ.சி.யு.வில், அதாவது பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த புதிதில் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாமே குழந்தையைப் பற்றித்தான் இருக்கும். கேனுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) போடுவது, டியூபில் பால் விடுவது, வென்டிலேட்டர் அலாரத்துக்கு என்ன அர்த்தம், மருந்தை எப்படிச் சொட்டுக் கணக்கில் நீர்த்துக் கொடுப்பது. கஷ்டமாக இருக்கும், ஆனால் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும்போது மண்டைக்குள் ஓடுவது மட்டும் வேறாக இருக்கும்: அந்தத் தாத்தா ஏன் அப்படிப் பேசினார், நான் சொன்னதை அந்த அம்மா நம்பவே இல்லையே, அப்பா ஏன் நான் ஊசி போட்டதை முழுக்க வீடியோ எடுத்தார். இந்த வேலையை விட்டுப் போகலாமா என்று யோசிக்க வைப்பது பல நேரம் இதுதான். இதை யாரும் முறையாகச் சொல்லித்தருவதில்லை. சீனியர்கள் சாப்பிடும் நேரத்தில் புலம்புவார்கள், நீங்களும் தலையாட்டிவிட்டு வருவீர்கள், அவ்வளவுதான்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வீட்டாரால் நமக்கு வரும் எரிச்சலில் பெரும்பகுதி, நாம் முன்கூட்டியே சொல்லாமல் விட்டதாலும் ஆளுக்கு ஒன்று சொன்னதாலும் வருவது. மிச்சம் இருப்பது நிஜமாகவே மோசமான நடத்தை. முதல் வகைக்குப் பொறுமையும் ஒழுங்கும் போதும், இரண்டாவது வகைக்குப் பொறுமை காட்டவே கூடாது. புதியவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்வார்கள். பத்தாவது முறை அதே கேள்வி கேட்கும் அம்மாவிடம் எரிந்து விழுவார்கள், மிரட்டும் மாமாவிடம் சிரித்துச் சமாளிப்பார்கள்.

1. ஹேண்ட்ஓவரில் வீட்டாரையும் சேர்த்து வாங்குங்கள்

ஷிப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவரில், முந்தைய நர்ஸிடம் குழந்தையின் எடை, பால் அளவு, மருந்து எல்லாம் கேட்பீர்கள். கூடவே நாலு விஷயம் கேளுங்கள்: டாக்டர் அவர்களிடம் கடைசியாக என்ன சொன்னார், எந்த வார்த்தையில் சொன்னார்? யாருக்கு எது தெரியும்? எதற்கு மனம் கசந்திருக்கிறார்கள்? போன ஷிப்டில் யாராவது ஏதாவது வாக்குக் கொடுத்தார்களா? இந்தக் கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். "நாளைக்குக் காலையில மடியில வெச்சுக்கலாம்மா" என்று இரவு சிஸ்டர் ஆறுதலுக்குச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். காலையில் குழந்தைக்கு மூச்சு சரியில்லை, மடியில் கொடுக்க முடியாது. அந்த அம்மா இரவெல்லாம் அதற்காகவே விழித்திருந்து வந்து நிற்பார், திட்டு உங்களுக்கு.

"அந்த ஃபேமிலி ரொம்ப டிஃபிகல்ட், பாத்துக்கோ" என்று யாராவது எச்சரித்தால் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். "என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். இரண்டு மணி நேரம் டாக்டருக்காகக் காத்திருந்துவிட்டுக் கத்தியவரும் டிஃபிகல்ட், ஊழியரை அடிக்கக் கை ஓங்கியவரும் டிஃபிகல்ட் என்றால் அந்தச் சொல்லால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

2. முதல் சந்திப்பை அவசரப்படுத்தாதீர்கள்

அம்மா முதல் முறை உள்ளே வருவது பெரும்பாலும் சக்கர நாற்காலியில்தான். உடம்பு வலி, தூக்கமில்லை, கையில் இருக்க வேண்டிய குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள். அந்த நேரத்தில் நீங்கள் விதிப் பட்டியலை வாசித்தால் ஒன்றும் மண்டையில் ஏறாது. உங்கள் பெயரைச் சொல்லுங்கள், இன்று குழந்தையைப் பார்த்துக்கொள்வது நான்தான் என்று சொல்லுங்கள், குழந்தைக்குப் பெயர் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் எப்படிக் கூப்பிடலாம் என்று கேளுங்கள். பிறகு குழந்தையிலிருந்து ஆரம்பித்து வெளியே வாருங்கள்: இது உங்கள் குழந்தை, மூக்கில் இருப்பது மூச்சுக்கு உதவுவது, வாயில் போகும் மெல்லிய குழாய் பாலுக்கு, காலில் சிவப்பாக எரிவது ஆக்சிஜன் அளவு பார்ப்பது, அது சுடாது. இயந்திரத்தில் ஆரம்பித்தால் அவர்கள் கடைசி வரை இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தொடச் சொல்லிக்கொடுங்கள், "தொடாதீங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். கர்ப்பத்தின் 28 வாரம் முடியும் முன்பே பிறந்த குழந்தையின் தோல் ரொம்ப மெல்லியது, தடவிக்கொடுப்பது அதற்குச் சுகமாக இருக்காது, உறுத்தும். ஒரு கையைத் தலையிலும் இன்னொரு கையைப் பாதத்திலும் அசைக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயந்து போய்த் தள்ளி நின்ற அப்பாகூட இதைச் செய்வார். இதை முதல் நாளே காட்டிவிட்டால், பிறகு வந்து தட்டித் தட்டி எழுப்பும் உறவினரிடம் "அப்படியில்லைங்க, இப்படி" என்று அம்மாவே சொல்லிக்கொடுப்பார்.

3. மானிட்டர் பற்றிய பேச்சை ஒத்திப்போடாதீர்கள்

இதில் கொஞ்சம் நேரம் செலவழித்தால் பின்னால் நிறைய மிச்சமாகும். பெற்றோர் குழந்தையைப் பார்க்க வந்துவிட்டு மானிட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஆக்சிஜன் அளவு காட்டும் எண் 94-லிருந்து 91 ஆனதும் "சிஸ்டர்! சிஸ்டர்!" நீங்கள் பக்கத்துக் குழந்தைக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். இப்படி ஒரு ஷிப்டில் எத்தனையோ முறை நடந்தால் யாருக்கும் பொறுமை போகும்தான். ஆனால் அந்த எண் என்ன என்று யாராவது அவர்களுக்குச் சொன்னோமா?

சொல்ல வேண்டியது இவ்வளவு: எண் ஏறி இறங்குவது சகஜம். குழந்தை காலை உதைத்தால், சென்சார் நழுவினால் அது தவறான எண் காட்டும். ஆக்சிஜன் உதவியில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு 100 வர வேண்டும் என்று நாம் விரும்புவதில்லை, பல யூனிட்களில் 90-லிருந்து 95 வரை இருக்கும்படிதான் வைத்துக்கொள்கிறோம். இதை வெறும் விதியாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள், "ஆக்சிஜன் கூட இருந்தா நல்லதுதானே, ஏன் குறைக்கறீங்க?" என்பார்கள். காரணத்தைச் சொல்லுங்கள். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் இன்குபேட்டருக்குள் ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டதில் ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகள் விழித்திரை கெட்டுப் பார்வை இழந்தார்கள். இன்று ஆக்சிஜனை அளந்து கொடுப்பதும், கண் டாக்டர் வந்து விழித்திரையைப் பார்ப்பதும் அதனால்தான். முழுக் கதை வேண்டாம், "அதிகமானா கண்ணைப் பாதிக்கும்" என்ற ஒரு வரி போதும். அதற்குப் பிறகு பெரும்பாலானவர்கள் 100-ஐப் பார்த்துச் சந்தோஷப்படுவதை விட்டுவிடுவார்கள்.

மூச்சு நிற்பதைப் பற்றியும் முதலிலேயே சொல்ல வேண்டும். குறைமாதக் குழந்தைகள் மூச்சு விட மறந்துபோவது உண்டு, 20 நொடிக்கு மேல் நின்றாலோ, அதற்குள்ளேயே இதயத் துடிப்போ ஆக்சிஜனோ விழுந்தாலோ நாம் தலையிடுவோம், பல முறை லேசாகத் தொட்டாலே திரும்பிவிடும். இதைச் சொல்லாமல் விட்டு, ஒரு மதியம் அம்மாவின் கண் முன்னால் குழந்தை நீலம் பாரித்து நீங்கள் ஓடிவந்து முதுகைத் தேய்த்தால், அந்தக் காட்சி அவருக்கு வருடக்கணக்கில் போகாது. முன்பே தெரிந்திருந்தாலும் பயம் வரும்தான், ஆனால் "என்கிட்ட எதையோ மறைக்கறாங்க" என்ற சந்தேகம் சேராது.

அலாரத்தை அவர்களே அமுக்கி நிறுத்துவது, மருந்து ஏற்றும் பம்பைத் தொடுவது இதெல்லாம் நடக்கும். சிலர் பல வாரம் இருந்து பார்த்தே கற்றுக்கொண்டிருப்பார்கள். அங்கே மட்டும் சமரசம் வேண்டாம். "நீங்க நிறுத்திட்டா எனக்குத் தெரியாமப் போயிடும், அது உங்க குழந்தைக்குத்தான் ஆபத்து" என்று ஒரு முறை நேராகச் சொல்லுங்கள், அப்புறம் அதைப் பதிவிலும் எழுதுங்கள்.

4. அதே கேள்வி, மறுபடியும் அதே கேள்வி

பயத்தில் இருப்பவருக்குக் காதில் விழுந்தது மனதில் தங்காது. இதை ஏற்றுக்கொண்டாலே எரிச்சல் குறையும். நாம் சொல்கிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று விஷயத்துக்கு மேல் சொல்லாதீர்கள். சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். "வீட்டுல கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் எது விட்டுப்போனது, எது திரிந்தது என்று உடனே தெரிந்துவிடும். படுக்கை பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, தோன்றும் கேள்வியை எழுதச் சொல்வதும் நன்றாக வேலை செய்கிறது. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அதைப் பார்த்து அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

"நேத்து வந்த சிஸ்டர் வேற மாதிரி சொன்னாங்களே." இந்த ஒரு வாக்கியத்துக்காகவே பல பேர் ஓய்வறையில் தலையில் அடித்துக்கொள்வதைப் பார்க்கலாம். சக ஊழியரை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு தாங்கவும் வேண்டாம். "என்ன சொன்னாங்கன்னு சொல்லுங்க, நான் சார்ட்டைப் பாத்துட்டு வரேன்." சார்ட்டைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லுங்கள். நிஜமாகவே இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தால் அது அவர்கள் பிரச்சினை இல்லை, நம் பிரச்சினை. இன்சார்ஜிடம் எடுத்துப் போய் யூனிட் முழுக்க ஒரே மாதிரி சொல்ல ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

எடை பற்றி முன்கூட்டியே சொல்லாவிட்டால் தினமும் ஒரு நாடகம் நடக்கும். நிறைமாதக் குழந்தையே முதல் சில நாளில் பிறந்த எடையில் 10 சதவீதம் வரை இழக்கலாம், குறைமாதக் குழந்தை 15 சதவீதம் வரைகூட. அதற்குப் பிறகும் 20 கிராம் ஏறுவதும் இறங்குவதும் இருக்கும், டயப்பர் நனைந்திருந்தால்கூட மாறும். ஒரு நாள் எண்ணைப் பார்க்காமல் வாரக் கணக்கில் பார்க்கப் பழக்குங்கள்.

"எப்ப சிஸ்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்?" தேதி சொல்லாதீர்கள், ஒருபோதும் சொல்லாதீர்கள். நீங்கள் "அநேகமா அடுத்த வாரம்" என்று சொன்னதில் "அநேகமா" காணாமல் போய்விடும். தேதிக்குப் பதில் நிபந்தனை சொல்லுங்கள்: இன்குபேட்டர் இல்லாமல் உடம்புச் சூடு நிற்க வேண்டும், வாயால் குடித்து எடை ஏற வேண்டும், உங்கள் யூனிட் வைத்திருக்கும் நாள் கணக்குப்படி மூச்சு நிற்காமல் இருக்க வேண்டும். பல குறைமாதக் குழந்தைகள் முதலில் குறித்த பிரசவத் தேதியை ஒட்டித்தான் வீட்டுக்குப் போகிறார்கள் என்று சொன்னால் ஒரு மாதிரி கணக்கும் கிடைத்துவிடும்.

5. கை கழுவுவது, கூட்டம், கேமரா

கை கழுவச் சொன்னால் சிலர் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் ஒரே விதி என்று காட்டினால் அது போய்விடும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி சோப்பு போட்டுக் கழுவ 40-லிருந்து 60 நொடி, ஆல்கஹால் திரவம் என்றால் 20-லிருந்து 30 நொடி. அவர்களோடு சேர்ந்து நீங்களும் கழுவுங்கள். "நான் கழுவாம குழந்தையைத் தொட வந்தா நீங்களே என்னைத் தடுக்கலாம்" என்று சொல்லுங்கள், அதற்குப் பிறகு அவர்கள் தங்கள் உறவினரையும் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். செல்போன் விஷயத்தைத்தான் பாதிப் பேர் மறப்பார்கள்: கையை நன்றாகக் கழுவிவிட்டு உடனே போனை எடுத்துப் படம் பிடித்துவிட்டு அதே கையை உள்ளே விடுவார்கள்.

சளி இருமலோடு வந்து "ஒரே ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறேன்" என்று நிற்கும் பெரியவரிடம் அந்த அம்மாவால் மறுத்துப் பேச முடியாது. அந்தப் பழியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். "இங்க விதி அப்படிங்கய்யா, அவங்க சொல்லல, நான்தான் சொல்றேன்." நாம் ஷிப்ட் முடிந்தால் போய்விடுவோம், அந்தப் பெண் அவர்களோடு இருக்க வேண்டும்.

தன் குழந்தையைப் படம் எடுக்கட்டும், ஃப்ளாஷ் இல்லாமல். பக்கத்துக் குழந்தை படத்துக்குள் வரக் கூடாது. பக்கத்துக் குழந்தைக்கு என்ன நோய், ஏன் அவர்கள் வீட்டில் யாரும் வரவில்லை என்று கேட்பார்கள், பாவம், பக்கத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்தால் யாருக்கும் கேட்கத் தோன்றும். "உங்க குழந்தையைப் பத்தி மத்தவங்க கேட்டா நான் சொல்ல மாட்டேன்ல, அது மாதிரிதான்" என்றால் முடிந்தது.

6. பால்

இந்த விஷயத்தில் நர்ஸ் சொல்லும் ஒரு சொல் பல வருடம் நினைவில் நிற்கும், அதனால் வாயைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையால் இன்னும் குடிக்க முடியாது, அம்மா பீய்ச்சிக் கொண்டுவர வேண்டும், ஒரு நாளில் 8 முறையாவது, இரவிலும். முதல் நாட்களில் சில சொட்டுதான் வரும். அந்த மஞ்சள் நிறச் சீம்பால் சொட்டுகளே குழந்தைக்கு மருந்து மாதிரி, வாயின் உள்பக்கத்தில் தடவினாலும் பிரயோஜனம் உண்டு. அவர் கொண்டுவந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று கேட்கும் நர்ஸ்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்த வகையில் சேராதீர்கள். பால் வரவில்லை, அல்லது அவர் உட்கொள்ளும் மருந்தால் கொடுக்க முடியாது, அல்லது அவரால் முடியவில்லை என்றால், அதை டாக்டரிடம் சொல்லி மாற்று ஏற்பாடு செய்வது நம் வேலை, உபதேசம் செய்வது நம் வேலை இல்லை.

7. அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்

என்னைக் கேட்டால் இந்த முழு வழிகாட்டியில் இதுதான் அதிகம் பயன்படும். குறுக்கே நிற்கிறார், கேள்வி கேட்கிறார், நாம் செய்வதை எல்லாம் சந்தேகமாகப் பார்க்கிறார் என்று நாம் சலித்துக்கொள்ளும் அப்பாவுக்கு அங்கே செய்ய ஒன்றுமே இல்லை. தன் குழந்தைக்குப் பார்வையாளராக இருப்பதுதான் அவருக்குக் கொடுமை. டயப்பர் மாற்ற, உடம்புச் சூடு பார்க்க, வாய் துடைக்க, டியூபில் பால் இறங்கும்போது சிரிஞ்சைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் பக்கத்தில் நின்றபடி ஒவ்வொன்றாகப் பழக்குங்கள்.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. 1979-ல் எஸ்டோனியாவின் தாலின் நகரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ்கள் போதாமல் போனபோது, ஆடிக் லெவின் என்ற டாக்டர் குழந்தைப் பராமரிப்பை அம்மாக்களிடமே ஒப்படைத்தார், நர்ஸ்கள் சொல்லித்தருபவர்களாக மாறினார்கள். பிற்பாடு கனடாவில் அதை ஒட்டி ஒரு முறையை வகுத்தார்கள், பல நாடுகளில் அது பரவியிருக்கிறது. குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்துக்கொள்ளும் கங்காரு முறையும் இதேபோலத்தான், 1970களின் கடைசியில் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் போதாத நிலைமையில் பிறந்தது. 2021-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே கங்காரு முறையைத் தொடங்கியதில் முதல் 28 நாள் இறப்பு கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் தந்த பரிந்துரையில் ஒரு நாளைக்கு 8-லிருந்து 24 மணி நேரம் என்று சொல்கிறது.

ஆனால் வயர்களோடும் குழாய்களோடும் குழந்தையை நெஞ்சில் மாற்றி வைப்பது உங்களுக்குக் கூடுதல் வேலைதான், அதைப் பொய்யாக மறைக்க மாட்டேன். ஆள் குறைவான ஷிப்டில் "இன்னிக்கு வேண்டாம்மா" என்று சொல்லத் தோன்றும். முடியாவிட்டால் எப்போது முடியும் என்று நேரம் சொல்லிவிடுங்கள், அந்த நேரத்துக்குச் செய்துவிடுங்கள். நெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் அம்மா மானிட்டரைப் பார்த்துக் கூப்பிடுவதும் குறைவு.

8. வராத வீட்டார்

தினமும் வந்து தொல்லை செய்பவர்களைவிட, வராதவர்களைப் பற்றித்தான் நாம் மோசமாகப் பேசுவோம். "பெத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க." வீட்டில் இன்னொரு குழந்தை இருக்கலாம், விடுப்புக் கிடைக்காமல் இருக்கலாம், வந்துபோகப் பணம் இல்லாமல் இருக்கலாம். பாசம் வைத்துவிட்டுப் பறிகொடுக்க நேருமோ என்ற பயத்தில் தள்ளியே இருப்பவர்களும் உண்டு. பிரசவத்துக்குப் பிறகான மன அழுத்தம் என்.ஐ.சி.யு. அம்மாக்களிடம் சாதாரணமாகவே அதிகம். அதைக் கண்டறிய 1987-ல் உருவாக்கிய எடின்பரோ கேள்வித்தாள் 10 கேள்விதான், உங்கள் யூனிட்டில் வைத்திருந்தால் அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். ஒரு அம்மா வந்து குழந்தையைத் தொடாமல் வெறித்துப் பார்த்துவிட்டுப் போனால், "நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வராதவர்களுக்கு மருத்துவமனைப் போனிலிருந்து கூப்பிட்டு ஒரு நல்ல செய்தி சொல்லுங்கள், இன்று இவ்வளவு பால் குடித்தான் என்பது போல. கெட்ட செய்திக்கு மட்டும் போன் அடித்தால், உங்கள் நம்பரைப் பார்த்தாலே எடுக்க மாட்டார்கள்.

9. கோபம் வரும்போது

கேனுலா போட நாலு இடத்தில் குத்தியதைப் பார்த்துவிட்டு ஒரு அப்பா கத்துகிறார். செய்ய வேண்டியது: முதலில் குழந்தை பத்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மற்ற குழந்தைகளிடமிருந்து தள்ளி, கதவு உங்கள் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள், முடிந்தால் உட்காரச் சொல்லி நீங்களும் உட்காருங்கள். அவர் முழுக்கப் பேசி முடிக்கட்டும். "அமைதியா இருங்க", "கத்தாதீங்க", "நாங்க எங்க வேலையைத்தான் செய்யறோம்" இந்த மூன்றும் நெருப்பில் எண்ணெய். "குழந்தை கையைப் பாத்தா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. இவ்வளவு சின்ன நரம்புல ஒரே தடவைல ஏத்தறது எல்லா நேரமும் முடியறதில்ல. அடுத்த தடவை சீனியரைக் கூப்பிடுவேன், ரெண்டு தடவைக்கு மேல நான் முயற்சி பண்ண மாட்டேன்." இதில் மன்னிப்பும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது, இனி என்ன நடக்கும் என்பதும் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. 2017-ல் வெளியான ஒரு ஆய்வில், என்.ஐ.சி.யு. குழுக்களைப் பொம்மைக் குழந்தைகளை வைத்துப் பயிற்சி செய்யவிட்டு, அம்மாவாக நடித்தவர் சில குழுக்களிடம் மரியாதையில்லாமல் பேசினார். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் அன்று நாள் முழுக்கப் பின்தங்கின. ஒருவர் சுருக்கென்று சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தால் கணக்கு தப்பும். அதனால் சண்டை நடந்த ஷிப்டில் உங்கள் அடுத்த மருந்துக் கணக்கை இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

10. பொறுக்கக் கூடாதவை

மிரட்டல், ஆபாசப் பேச்சு, கை ஓங்குவது, உங்கள் உடம்பைத் தொடுவது, வேண்டாம் என்று சொன்ன பிறகும் உங்களைப் படம் பிடிப்பது, சாதி, மதம், நிறம், உச்சரிப்பு பார்த்து "இந்த நர்ஸ் என் குழந்தையைத் தொடக் கூடாது" என்பது. இங்கே "அவங்க கஷ்டத்துல இருக்காங்க" என்று சமாதானம் சொல்லும் சீனியர்கள் இருப்பார்கள். கஷ்டத்தில் இருப்பது உண்மைதான், அதே கஷ்டத்தில் இருக்கும் மற்றவர்கள் இப்படிச் செய்வதில்லை. ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள்: "இப்படிப் பேசினா நான் இங்க நிக்க மாட்டேன், இன்சார்ஜை அனுப்பறேன்." பிறகு போய்விடுங்கள், தனியாகத் திரும்பி வராதீர்கள், காவலாளிக்குத் தகவல் போகட்டும். பதிவில் அவர் சொன்ன சொற்களை அப்படியே, நேரத்தோடு எழுதுங்கள். "குடும்பத்தார் தகராறு செய்தனர்" என்று எழுதினால் நாளைக்கு அது யாருக்கும் உதவாது, உங்களுக்கும்தான்.

11. நீங்கள் சொல்லக் கூடாதவை

"பொழைச்சுக்குமா சிஸ்டர்?" ராத்திரி யாரும் இல்லாத நேரத்தில்தான் கேட்பார்கள், அதுவும் டாக்டரிடம் கேட்காமல் உங்களிடம் கேட்பார்கள். "ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும், சொல்லாதீர்கள். இந்த நிமிடம் குழந்தை எப்படி இருக்கிறது என்று தெரிந்ததைச் சொல்லுங்கள், டாக்டர் அவர்களிடம் என்ன சொன்னார் என்று கேளுங்கள், மனதில் எது பயமுறுத்துகிறது என்று கேளுங்கள். ஸ்கேன் முடிவு உங்களுக்குத் தெரிந்தாலும் முதலில் சொல்ல வேண்டியவர் டாக்டர், ஆனால் அவர் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். அவர் போன பிறகு "அவர் சொன்னதுல எது புரியல?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கணவரோ வீட்டுப் பெரியவரோ கேட்பது அடிக்கடி நடக்கும். நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள். மறைப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். "நானா போய்ச் சொல்ல மாட்டேன், ஆனா அவங்க கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன். டாக்டரை வெச்சு ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லலாம்" என்று சொல்லி, டாக்டரிடம் அன்றே தெரிவித்துவிடுங்கள்.

சொந்த போன் நம்பரைக் கொடுக்காதீர்கள், சமூக வலைத்தளத்தில் நட்பு அழைப்பை ஏற்காதீர்கள், குழந்தை யூனிட்டில் இருக்கும் வரையாவது. பரிசு என்றால் யூனிட் விதி என்னவோ அதுதான், பணம் எந்த நிலையிலும் கூடாது.

12. டிஸ்சார்ஜ்

பல வாரமாக "எப்ப விடுவீங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், விடும் நாளன்று "இன்னும் ரெண்டு நாள் வெச்சுக்கலாமா?" என்பார்கள். புதிய நர்ஸுக்கு இது எரிச்சலாகவும் வேடிக்கையாகவும் இருக்கும். மானிட்டர் இல்லாமல் குழந்தையை அவர்கள் பார்த்ததே இல்லை, பயப்படாமல் என்ன செய்வார்கள்? அதனால் கடைசி நாளில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லாமல், முதல் வாரத்திலிருந்தே பிரித்துப் பழக்குங்கள். வசதி இருந்தால் ஒன்றிரண்டு இரவு அம்மா குழந்தையோடு தனி அறையில் தங்கட்டும், நீங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதும். மருந்தை அவர் கையாலேயே அளந்து காட்டட்டும். மல்லாக்கப் படுக்க வைத்துத் தூங்கவிடுவதை வீட்டுக்குப் போகும் முன்பே தொடங்குங்கள், ஏனென்றால் யூனிட்டில் நாம் குப்புறப் படுக்க வைத்ததை அவர்கள் பார்த்திருப்பார்கள், வீட்டிலும் அப்படியே செய்வார்கள். அது மானிட்டர் இருந்ததால் செய்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வயதைத் திருத்திக் கணக்கிடுவதையும் சொல்லியனுப்புங்கள்: குறித்த பிரசவத் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது, வளர்ச்சியை நாலு மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும், ஆனால் தடுப்பூசி பொதுவாகப் பிறந்த தேதிக் கணக்குப்படிதான். இதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அதே தாளில் எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும், யாருக்குக் கூப்பிட வேண்டும், கண் பரிசோதனை எந்தத் தேதி என்பதையும் எழுதுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் யூனிட்டுக்குப் போன் வந்துகொண்டே இருக்கும், "விக்கல் வருது, பரவாயில்லையா?" என்கிற மாதிரி. எடுப்பவர் யாராக இருந்தாலும் அந்தத் தாளின் நகலைப் பார்த்தே பதில் சொல்லும்படி, அதைப் போன் பக்கத்தில் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.